மறைதாழ்ப் பெட்டி



நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலுக்குச் சென்றவர்கள், அங்கே பேணி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பலாமரத்தின் அடிமரத்தைக் கண்டிருப்பார்கள். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். மரம் பட்டுப்போய் நெடுங்காலமாயிற்று. ஆயினும் உள்ளே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தக்க பொந்து இன்றும் இருக்கிறது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், பட்டம் எய்துவதற்கு முன்பு, எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வர, ஒரு சிறுவன் காட்டிய குறிப்பினால் இப்பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. அச்சிறுவன் கண்ணனே என்பர் பக்தர். பின்னாளில் அவர் அங்கே கோயில் எடுப்பித்ததற்கும் அதுவே காரணம் என்பர்.

நான் அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்றை எண்ணுவது வழக்கம். துரத்தி வந்தவர்கள் குருடர்கள் அல்லர். மரமும் அவர்கள் கண்ணெதிரே நின்றதுதான். ஆனால் அவர்கள் தேடியது வீட்டை, வைக்கோற்போரை, புதரை. மரத்தை அவர்கள் மரமாகவே பார்த்தார்கள். அதற்குள் ஓர் அறை இருக்கக்கூடும் என்று பார்க்கவில்லை. ஒளித்து வைக்கும் தச்சுவேலை முழுவதற்கும் அடிப்படை இந்த ஒன்றுதான். பூட்டு, கள்வனுடைய கையைத் தடுக்கிறது. மறைதாழோ அவனுடைய எண்ணத்தைத் தடுக்கிறது. அத்தகைய மறைதாழ் அமைந்த மரப்பெட்டி ஒன்றைப் பற்றியும், அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் ஊர், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் வீட்டில் மலையாளத்தில் எழுதிய ஆதாரம் இருக்கும். திருமணம் பேசப் போனால் பெண் ஒரு மாநிலத்திலும் மாப்பிள்ளை ஒரு மாநிலத்திலும் இருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பவை மழையும், பலாவும், அயனியும், ஆசாரிமாரும்.

மரத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். பலாவும் அயனியும் ஒரே குடும்பத்துக் கிளைகள். மலையாளத்தில் ஆஞ்சிலி என்று சொல்லும் அயனி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். படகுக்கும், கதவு நிலைக்கும், பத்தாயத்துக்கும் இங்கே அதைத்தான் தேடுவார்கள். பலாவின் வைரம், அறுத்த அன்று மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவந்து பழுப்பேறும். கறையான் அதை எளிதில் அண்டாது. பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்து செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. பலாவுக்கு அதைவிட நற்சான்று தேவையில்லை. (அந்த அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டில் உள்ளது, அதைப் பேணுவதோ கேரளத் தொல்லியல் துறை. எங்கள் எல்லையில் இத்தகைய விந்தைகள் பல உண்டு.)

மறைபொறி என்றதும் பலரும் அரண்மனையையும் சுரங்க வழியையும் நினைப்பார்கள். 1993இல் வெளிவந்த மணிச்சித்திரத்தாழ் என்னும் மலையாளத் திரைப்படத்தின் ஒரு பகுதி பத்மநாபபுரத்தில் படமாக்கப்பட்டதும், அதன் பெயரே ஒரு பழைய பூட்டின் பெயராக அமைந்ததும் அந்த நினைப்பை இன்னும் வலுப்படுத்திவிட்டன. ஆனால் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு மரப்புதிர் அவிழ்ந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள்கதவுகள் வந்த பிறகு பிறந்தவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். நான் சொல்வது நிரைப்பலகையை.

கடைவாயிலின் மேற்படியிலும் கீழ்ப்படியிலும் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். காடியின் ஒரு முனையில் மட்டும், பலகை நுழையும் அளவுக்கு முன்பக்கம் திறந்திருக்கும். மாலையில் கடைக்காரர் முதற்பலகையை அவ்விடத்தில் நிறுத்தி, மறுகோடி வரை தள்ளுவார். அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகச் செல்லும். ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் எண் வெட்டியிருக்கும். ஏனென்றால் கையால் இழைத்த பலகைகளில் ஒன்று மற்றொன்றைப் போல் இராது. வரிசை மாறினால் கடைசிப் பலகை இடம் கொள்ளாமல் நின்றுவிடும். கடைசிப் பலகையை நுழைத்து ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டுப் பூட்டினால், பத்துப் பன்னிரண்டு பலகைகளுக்கும் அந்த ஒரு பூட்டே காவல். உள்ளே ஓர் ஆணி இல்லை, கீல் இல்லை. கடைசியில் நுழைந்தது முதலில் வெளிவர வேண்டும். முதலில் நுழைந்தது கடைசியில்தான் வெளிவரும். நெல் இட்டு வைக்கும் பத்தாயத்திலும், பழைய வீடுகளின் அறைச்சுவர்களிலும் இதே முறைதான். ஒரு பலகையின் விடுதலை இன்னொரு பலகையின் கையில் இருக்கிறது என்னும் இந்த எண்ணத்தைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கினால், அதுவே மறைதாழ்ப் பெட்டி.

சப்பான் நாட்டில் ஆக்கோனே என்னும் மலையூரில் இக்கலை ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. பல நிற மரங்களை ஒட்டிச் சீவி எடுத்த கோலத்தால் பெட்டியின் முகத்தை மூடிவிடுவார்கள். எங்கே பொருத்து, எங்கே மூடி என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கத்தைச் சிறிது தள்ளினால்தான் அடுத்த பக்கம் நகரும். அது நகர்ந்தால்தான் முந்தியது மேலும் நகரும். இப்படிப் பத்து முறை, இருபத்தொரு முறை தள்ளித் திறக்கும் பெட்டிகள் உண்டு. அந்தக் கோல வேலையை 1984இல் அந்நாட்டு அரசு மரபுக் கைத்தொழிலாக ஏற்றது. நம் பக்கத்தில் தலைச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூரின் பெயரால் வழங்கும் நெட்டூர்ப் பெட்டி, வீட்டுக்கூரை போன்ற மூடியும் பித்தளைக் கட்டும் கொண்டது. நகை வைப்பதற்கு உரியது. திண்டுக்கல் பூட்டோ 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் கொல்லரின் குறும்பு விளங்கும். இவை யாவும் பேர் பெற்றவை. நான் சொல்லப் போகும் பெட்டிக்கு அப்படிப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. அது எங்கள் வீட்டுப் பெட்டி.

என் தந்தையாரின் தந்தையை நாங்கள் பாட்டா என்று அழைப்போம். அவருடைய இளமையில் தோட்டத்து அயனி ஒன்று காற்றில் சாய்ந்தது. அதை அறுத்துக் கொடுத்த மூத்தாசாரி, கூலிக்குப் பதிலாகப் பாதி மரத்தை எடுத்துக்கொண்டு, மீதி மரத்தில் ஒரு கதவும் ஒரு பெட்டியும் செய்து கொடுத்தார். கதவை எல்லோரும் திறந்தார்கள். பெட்டியைப் பாட்டா ஒருவரே திறந்தார். அதுவும் இரவில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே படுத்திருக்கும் பிள்ளைகளாகிய எங்களுக்கு ‘டக்’ என்று ஓர் ஓசை மட்டும் கேட்கும். சாவி என்று ஒன்று இருப்பதாகவே யாரும் கண்டதில்லை. பெட்டியின் முகத்தில் ஒரு பித்தளைத் தகடும் அதில் ஒரு சாவித்துளையும் இருந்தன. அத்துளைக்குள் நான் தென்னை ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறேன். கால் விரற்கடை ஆழத்தில் வெறும் மரம் தட்டுப்படும். அது பொய்த்துளை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1974ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் பாட்டாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் காலும் விழுந்தன, பேச்சு நின்றது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. ஆவணியில் என் அத்தைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்காகப் பத்துச் சென்ட் நிலத்தை விற்பதாக ஏற்பாடு. வாங்குகிறவர் நல்லவர்தாம், ஆனால் முன்னாதாரத்தைக் கண்ணால் காணாமல் பணம் தர இயலாது என்றுவிட்டார். அதில் தவறும் இல்லை. பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாமே என்றால், ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவையும் பெட்டிக்குள்தான் இருந்தன.

பெட்டியை இழுத்தார்கள், அமுக்கினார்கள், தட்டினார்கள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே நின்றது. என் சித்தப்பா பொறுமை இழந்து வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்துவிட்டார். அப்போது பாட்டா படுக்கையிலிருந்து இடக்கையைத் தூக்கினார். உள்ளங்கை மேலே இருக்குமாறு ஒரு கணம் பிடித்து, அதைப் புரட்டிப் போட்டார். மறுபடியும் தூக்கினார், மறுபடியும் புரட்டினார்.

“அப்பாவே கையை விரித்துவிட்டார், இனி என்ன?” என்றார் சித்தப்பா. அத்தை அழத் தொடங்கினாள். தண்ணீர் கேட்கிறார் என்று எண்ணிப் பாட்டி ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்தார். பாட்டாவின் கண்ணில் தெரிந்த சினத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஐம்பது ஆண்டு குடித்தனம் நடத்திய வீட்டில் தம் கையசைவை ஒருவரும் படிக்கவில்லையே என்னும் சினம் அது.

என் தந்தையார் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, மூத்தாசாரியின் மகனை அழைத்து வர ஆள் அனுப்பினார். மூத்தாசாரி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் வந்தார். பெட்டியைத் தொடவில்லை. திண்ணையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அப்பா உங்களிடம் இதன் சூட்சுமத்தைச் சொல்லியிருப்பாரே?” என்று கேட்டார் என் தந்தையார்.

“இல்லை அண்ணாச்சி. பெட்டி யாருக்கோ அவர் காதில் மட்டும்தான் சொல்வார். என்னிடம் சொன்னால் அப்புறம் அது எங்கள் பெட்டியாகிவிடுமே” என்றார் ஆசாரி.

பிறகு அவர் விரல் முட்டியால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முழக்கோலை எடுத்து மூடியின் கனத்தை அளந்தார். “பக்கப்பலகை நாலு நூல். மூடி மட்டும் எட்டு நூல். முகப்பலகை ஆறு நூல். காரணம் இல்லாமல் எங்கள் அப்பா மரத்தை வீணாக்க மாட்டார். சமாச்சாரம் மூடிக்கும் முகப்பலகைக்கும் இடையில்தான் இருக்கிறது” என்றார். இதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவர் பாட்டாவின் கையைப் பார்த்தார். பாட்டா மீண்டும் ஒருமுறை கையைத் தூக்கிப் புரட்டினார்.

“ஐயோ, அவர் கையை விரிக்கவில்லை. கவிழ்க்கிறார்!” என்றார் ஆசாரி.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். எல்லோரும் மூச்சை அடக்கி நின்றோம். ஓசை ஒன்றும் வரவில்லை. மூடியும் அசையவில்லை. பாட்டாவின் முகம் வாடிப்போயிற்று. ஆசாரி மட்டும் கலங்கவில்லை. இடவப்பாதி மழை தொடங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. அயனி தண்ணீர் குடித்திருக்கிறது என்றார். அவர் சொற்படி பெட்டியைக் கவிழ்த்த நிலையிலேயே அடுக்களைப் பரணில் வைத்தோம். அடுப்பின் அனல் நேரே படக்கூடாது. புகையும் இளஞ்சூடும் மட்டும் படவேண்டும் என்பது கட்டளை. அவசரப்பட்டு நெருப்பருகே வைத்தால் பலகை வெடிக்கும் என்றார்.

திருமணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. என் தாயார் அன்றிலிருந்து, சமையல் இல்லாத வேளையிலும் அடுப்பில் ஒரு தென்னமட்டையைப் புகைய விட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள் முன்னிரவு. கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பரணில் ‘டக்’ என்று கேட்டது. நான் கேட்டு வளர்ந்த அதே ஓசை.

மூடியை முன்பக்கமாக இழுத்ததும் வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தது. ஆதாரம் இருந்தது. நிலம் விற்றது, திருமணம் நடந்தது. பெட்டிக்குள் இன்னொரு பொருளும் இருந்தது. பனையோலைத் துண்டில் சுற்றிய ஒரு சிறு பித்தளைக் குச்சி. ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மூடியின் அடியில் இருந்த துளையில் இட்டார். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. மழைக்காலத்தில் மரக்குச்சியை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மூத்தாசாரி செய்து கொடுத்தது அது. பாட்டா அதைத் தொலைந்துவிடாமல் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்தியிருக்கிறார்! இதை அவரிடம் காட்டியபோது, பேச்சற்ற அந்த வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

இனி, பொறியின் அமைப்பைக் கூறுகிறேன். கேட்பவர்களில் தச்சுக்கை உள்ளவர்கள் தாமே செய்து பார்க்கலாம். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பின், நானும் இப்படி மூன்று பெட்டிகள் செய்தேன். முதல் இரண்டும் கெட்டன. மூன்றாவது திறக்கிறது.

பெட்டி ஒன்பது அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், ஐந்து அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்னும் ஆசாரிக் கணக்கையே பின்பற்றுகிறேன். நீளவாட்டுப் பக்கப்பலகைகள் இரண்டின் உட்புறத்தில், மேலோரத்தை ஒட்டி ஒரு காடி வெட்ட வேண்டும். மூடி அதில் புகுந்து முன்பக்கமாக நகரும். ஆகவே முகப்பலகை மற்றப் பலகைகளைவிட, மூடியின் கனம் எவ்வளவோ அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். மூடி எட்டு நூல் கனம். அதன் இரு ஓரங்களை மட்டும் காடிக்குள் செல்லுமாறு மெலிய இழைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முகப்பலகையின் மேல்விளிம்பில், நடுவில் வேண்டாம், ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்று நூல் விட்டத்தில் இரண்டு நூல் ஆழத்துக்கு ஒரு குழி. மூடி முழுதும் மூடிய நிலையில் அக்குழிக்கு நேர் மேலே, மூடியின் அடிப்பக்கத்தில் அதே விட்டத்தில் ஆறு நூல் ஆழத்துக்கு இன்னொரு குழி. இவற்றுக்குள் ஐந்து நூல் நீளமுள்ள ஒரு குச்சி. அவ்வளவுதான் பொறி.

பெட்டி நேராக இருக்கும்போது குச்சி தன் பாரத்தால் கீழ்க்குழியில் இறங்கி நிற்கும். இரண்டு நூல் கீழே, மூன்று நூல் மேலே. மூடியை எந்த வலிமை கொண்டு இழுத்தாலும் அது விடாது. பெட்டியைக் கவிழ்த்தால் குச்சி முழுவதும் மூடியின் குழிக்குள் விழுந்துவிடும். குழி ஆறு நூல், குச்சி ஐந்து நூல். ஆகவே வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிராது. அந்த நிலையிலேயே மூடியை இழுக்க வேண்டும். நிமிர்த்திவிட்டு இழுத்தால் மீண்டும் தாழ் விழுந்துவிடும். ஒரு பெட்டியைத் திறக்க முயலும் எவரும் அதை நிமிர்த்தியே வைத்து முயல்வார்கள். உள்ளே பொருள் இருக்கும் பெட்டியைக் கவிழ்க்கலாகாது என்பது நம் கையில் ஊறிய பழக்கம். ஆசாரி தாழ்ப்பாளை அந்தப் பழக்கத்தின் மேல் வைத்தார்.

இரண்டு குழிகளும் ஒன்றுக்கொன்று நேராக அமைவதுதான் வேலையின் உயிர். நான் முதற்பெட்டியில் கோலால் அளந்து தனித்தனியே துளைத்தேன். அரை நூல் விலகிவிட்டது. குச்சி இறங்கவே இல்லை. பிறகு எங்கள் ஊர் இளைய ஆசாரி ஒருவர் வழி சொன்னார். அடிப்பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, மூடியை மூடி, பெட்டியைக் கவிழ்த்துப் பட்டறையில் இறுக்கிவைத்து, முகப்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து துறப்பணத்தால் நேரே மூடி வரை துளைத்துவிட வேண்டும். ஒரே துளையாகையால் நேர் தவறாது. பிறகு முகப்பலகையின் துளையைக் கீழிருந்து ஒரு மரமுளையால் அடைத்து, மேலே இரண்டு நூல் ஆழம் மட்டும் விட்டால் போதும். முளையின் அடி, பெட்டியின் அடிச்சட்டத்துக்குள் மறைந்துவிடும். ஆறு நூல் பலகைக்குள் மூன்று நூல் துளை சாயாமல் நான்கு அங்குலம் செல்ல வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கை பழகாதவர்கள் முதலில் கழிவு மரத்தில் பயிலுவது நன்று.

அடுத்தது, மழை. என் இரண்டாவது பெட்டியைக் கெடுத்தது அதுதான். மாசி மாத வெயிலில் எல்லாவற்றையும் இறுகப் பொருத்தி மகிழ்ந்தேன். ஆடியில் மூடி நகர மறுத்துவிட்டது. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய வளர்வதே இல்லை. இழைக்குக் குறுக்கேதான் உப்பும். ஆறு அங்குல அகலமுள்ள பலகை நூற்றுக்கு ஒரு பங்கு உப்பினாலும் அரை நூல் கூடிவிடும். எனவே மூடிக்கும் காடிக்கும் இடையே பக்கத்துக்கு அரை நூல் இடம் விட வேண்டும். அடிப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல் காடியில் மிதக்க விட வேண்டும். மூலைகளுக்கு ஆணி வேண்டாம். புறாவின் வால்போல விரிந்த கழுந்துகளை ஒன்றுக்குள் ஒன்று இறக்குவதே பாதுகாப்பு.

பாட்டாவின் மரக்குச்சி ஏன் சிக்கிக்கொண்டது என்பதை எண்ணிப் பார்த்தால் ஒரு நுட்பம் விளங்கும். குச்சியில் இழை நெட்டாக ஓடுகிறது. ஆகவே ஈரத்தில் அது சுற்றளவு முழுவதும் பருக்கிறது. குழியோ பலகையில் குறுக்கே குடைந்தது. அது பலகையின் அகலவாட்டில் சிறிது விரியும், நீளவாட்டில் விரியாது. வட்டமாகப் பருத்த குச்சியை, ஒரு திசையில் மட்டும் இடங்கொடுக்கும் குழி எப்படி விடும்? இதனை மூத்தாசாரி எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆனால் பித்தளைக் குச்சி செய்து கொடுத்தார். பித்தளை ஈரத்தில் பருக்காது. பாரம் மிகுதியாகையால் விழுவதிலும் தயங்காது. தொடக்கத்திலேயே அதைப் போட்டிருக்கலாமே என்று நான் இளைய ஆசாரியிடம் கேட்டேன். “பித்தளை விழுந்தால் ‘டங்’ என்று கேட்கும் சார். மரம் விழுந்தால் கள்ளனுக்குக் கேட்காது” என்றார். எங்களுக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாங்கள் கள்ளர்கள் அல்லவே.

ஒலியை அடக்க, மூடியின் குழிக்குள் ஒரு துண்டுத் துணியை ஒட்டி, குழியை அதற்கேற்ப அரை நூல் ஆழப்படுத்தலாம். மூடியின் முன்விளிம்பில் பக்கப்பலகையின் கோட்டுக்கு ஒத்த மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டி, பின்புறத்திலும் அதே போன்ற சட்டம் வைத்தால், எது நகரும் பக்கம் என்பது தெரியாது. பொய்ச் சாவித்துளை வைப்பது உங்கள் விருப்பம். எனக்கு அது சற்று மிகையாகத் தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் அதை விட்டுக் கண்ணெடுப்பதே இல்லை.

பொறி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று கருதுகிறவர்கள் கிடையாக ஒரு குச்சியைப் பக்கவாட்டில் அமைக்கலாம். அப்போது பெட்டியை முதலில் இடப்புறம் சாய்த்து, பிறகு கவிழ்க்க வேண்டும். வரிசை தவறினால் திறவாது. காந்தம் மலிந்துவிட்ட இந்நாளில், கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு இரும்புக் குச்சியை மேலே இழுக்கும் பெட்டிகளையும் சிலர் செய்கிறார்கள். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காந்தம் தொலைந்தால் பெட்டியும் போயிற்று. அது சாவியைத் தொலைப்பதற்கு ஒப்பானதே. கவிழ்ப்பதற்கோ கை ஒன்று போதும், அதுவும் இடக்கை போதும்.

பாட்டா அதன்பின் பதினான்கு மாதங்கள் இருந்தார். பெட்டியின் சூட்சுமத்தை அதற்குள் வீட்டில் எல்லோரும் அறிந்துவிட்டதால் அதில் பணமோ நகையோ வைப்பது நின்றுவிட்டது. பாட்டி அதில் வெற்றிலையும் களிப்பாக்கும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கவிழ்த்தால் பாக்கெல்லாம் சிதறுகிறது என்று முணுமுணுத்து, கடைசியில் குச்சியை எடுத்து எங்கோ போட்டுவிட்டார். மரக்குச்சி போய்விட்டது. பித்தளைக் குச்சி என்னிடம் இருக்கிறது. நான் செய்த மூன்றாவது பெட்டியில் அதைத்தான் இட்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் எங்கள் வீட்டு ஆதாரம் இருக்கிறது. அதைத் திறக்கும் வகையை என் மனைவிக்கும், மகளுக்கும், பத்து வயதுப் பேத்திக்கும் காட்டியிருக்கிறேன். காட்டுவதற்கு முன்பு ஒரு மாலை முழுவதும் அவர்களிடம் அதைக் கொடுத்து வைத்தேன். பெரியவர்கள் இருவரும் சாவித்துளையில் ஊசியை விட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தி, பெட்டியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்காக அதைப் புரட்டினாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கேட்பது ‘டங்’ என்னும் ஓசைதான்.